ஒரு வாரம்தானுங்க, இருந்துட்டுப் போங்க

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாவு ஆட்டுவது ராமாமணியின் வேலை. கிரைண்டர் சத்தத்தில் செய்தி கேட்கவில்லை என்று டி.வி.யின் ஒலியைக் கூட்டுவது அவள் கணவர் நரசிம்மலுவின் வேலை. பீளமேட்டில் அந்த வீட்டில் இரண்டு வேலைகளும் முப்பது வருடங்களுக்கு மேலாகத் தடையில்லாமல் நடந்து வருகின்றன.

சமீப காலமாக ஒரே ஒரு மாற்றம். உளுந்து பொங்கி வரும்வரை கிரைண்டர் பக்கத்தில் நிற்கும்போது ராமாமணியின் கால்கள் சும்மா இருப்பதில்லை. வலது கால் ஒரு எட்டு முன்னே, இடது கால் பின்னே, அரைச் சுற்று, இரண்டு கைத்தட்டு. மாவுக் கையோடு தட்ட முடியாதென்பதால் தட்டை வாயால் சொல்லிக்கொள்வாள்.

"கல்லும் சுத்துது, நீயும் சுத்தறே. ரெண்டுல எது மாவாட்டுதுன்னே தெரியல" என்பார் நரசிம்மலு.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் மட்டும்தான் சுற்றியது. ராமாமணி வழக்கத்தைவிட இரண்டு டம்ளர் அதிகமாக அரிசி போட்டிருந்தாள். மாடி அறையில் இருக்கும் விருந்தாளி இன்னும் ஒரு வாரம் இருக்கப்போகிறாள். இருக்கச் சொன்னது ராமாமணிதான். அதுதான் சிக்கலே.

விருந்தாளிகள் அவளுக்குப் புதிதல்ல. பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் த்ரோபால் அணிக்குத் தலைவியாக இருந்து, இருபத்தோரு வயதில் பீளமேட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். மாப்பிள்ளைக்கு மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை, சொந்த வீடு, ஒரே பையன். எல்லாவற்றையும் விசாரித்த அவள் அப்பா, வீடு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இருப்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த வீடு இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் சத்திரமாயிற்று. கண் புரைக்கு வந்தார்கள், பிரசவத்துக்கு வந்தார்கள், நெஞ்சு வலிக்கு வந்து வாயுத் தொல்லை என்று தெரிந்து சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். ராமாமணியின் அடுக்களைப் பரணில் ஐந்து பிளாஸ்க்குகள் இருக்கின்றன. எந்த நோய்க்கு என்ன கஞ்சி என்பது அவளுக்கு ஒரு நர்ஸ் அளவுக்குத் தெரியும்.

அந்தச் சொந்தங்களுக்கெல்லாம் ஒரு முறை தெரியும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் பையைக் கட்டி வைத்துவிட்டு, "அப்ப நாங்க கெளம்பறமுங்க" என்பார்கள்.

"அதுக்குள்ள என்னங்க? இன்னும் ரெண்டு நா இருந்துட்டுப் போங்க."

"இல்லீங்க, ஆடு மாடு கெடக்குது."

"அதெல்லாம் ஆராச்சும் பாத்துக்குவாங்க, இருங்க."

"இன்னொரு நா வாறமுங்க."

"வந்ததும் போறதுமா இருந்தா எப்புடிங்க?"

"தேர் நோம்பிக்கு வாறமுங்க, கண்டிப்பா."

மூன்று தடவை அழைக்க வேண்டும், மூன்று தடவை மறுக்க வேண்டும். அழைத்தவர் மனசும் குளிரும், போகிறவர் பஸ்ஸும் தவறாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சென்னையில் மட்டும் இந்தப் பாடத்தை நடத்தவில்லை போலிருக்கிறது.

விருந்தாளியின் பெயர் ரூபினா. ராமாமணியின் மகள் ஹரிதாவோடு சென்னையில் ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் புதுக் கம்ப்யூட்டர் முறையைப் பழக்கிக் கொடுக்க இரண்டு வாரம் அனுப்பப்பட்டிருந்தாள். "ஹோட்டல்ல எதுக்கும்மா? நம்ம மாடி ரூம் சும்மாதான இருக்கு" என்று ஹரிதா சொன்னதும் ராமாமணி அன்றைக்கே மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். வந்த முதல் நாளே, "உங்களுக்குக் கறி எந்தக் கடைல வாங்கோணும்னு சொல்லுங்க கண்ணு" என்று கேட்டு, காந்திபுரம் தாண்டி அப்துல் வஹீது கடை வரை நரசிம்மலுவை அனுப்பியும்விட்டாள்.

ரூபினா நல்ல விருந்தாளி. எது போட்டாலும் சாப்பிட்டாள், எதைப் பார்த்தாலும் சிரித்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு மேல் வந்து சேர்ந்ததும் மாடி பால்கனியில் நின்று சென்னையிலிருக்கும் தன் அம்மாவுக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். கீழே அடுக்களையின் பின்கதவைத் திறந்துவைத்தால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். ராமாமணி சாயங்கால சீரியலை விட்டுவிட்டு இதைக் கேட்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இங்க ஹரிதா அம்மா என்னைக் 'கண்ணு'ன்னு கூப்பிடறாங்க. உடனே 'வாங்க, உக்காருங்க'ன்றாங்க. நான் இந்த வீட்டுல சின்னவளா பெரியவளான்னே புரியல. நாய்க்குட்டியைக்கூட 'அக்கட்டால போங்க'ன்னு சொல்லிட்டாரும்மா ஒரு தாத்தா."

"அம்மா, இன்னிக்குக் காந்திபுரத்துல மேம்பாலத்துக்குக் கீழ ரெண்டு ஸ்கூட்டர் மோதிக்கிச்சு. நான் ஹைதராபாத்ல நாலு வருஷம் ட்ராஃபிக் பாத்தவ, அங்கயா இருந்தா கைகலப்பு. இங்க என்ன தெரியுமா? 'ஏனுங்க, கொஞ்சம் பாத்து வரக்கூடாதுங்களா'ன்னு ஒருத்தர். 'நானுங்க நேராத்தான் வந்தேன்'னு இன்னொருத்தர். அவர் வண்டியை இவர் தூக்கி நிறுத்திக் குடுத்துட்டு, விட்ட எடத்துலேர்ந்து மறுபடியும் திட்டறார்மா."

"அம்மா, காளான்னு ஒண்ணு தள்ளுவண்டில விக்கறாங்க. செவப்பா, காரமா, மேல வெங்காயம் தூவி. பாதி சாப்பிட்டுட்டு 'அண்ணா, இதுல காளான் எங்க?'ன்னு கேட்டேன். 'அதெல்லாம் தேடக்கூடாதுங்க, சாப்புடோணும்'ன்னுட்டார். ரெண்டாவது தட்டும் வாங்கிட்டேன்."

அடுக்களைக்குள் ராமாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர். இவ்வளவு வேடிக்கையான ஊர் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

இந்த இரண்டு வாரமும் அவள் கும்மிக்குப் போகவில்லை. கும்மி தொடங்குவதும் ஏழு மணிக்கு, ரூபினா பசியோடு வந்து சேர்வதும் அப்போதுதான்.

மூட்டு வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னபோது ஆரம்பித்தது அது. பின்வீதி மாரியம்மன் கோயில் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவள், அங்கே வள்ளிக் கும்மி பழகுகிறவர்களைப் பார்த்து நின்றாள். நூறு பேருக்கு மேல் வட்டம் வட்டமாக நின்று, வாத்தியார் பாடப் பாட, குனிந்து நிமிர்ந்து சுழன்று தட்டினார்கள். ஸ்கூல் பிள்ளைகள், ஐ.டி. பையன்கள், பேரன் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தில். வாத்தியார் அழகிரிசாமி மைக்கில், "அங்க மரத்தடியில நிக்கற அம்மணி, பாக்கறதுக்குக் காசு, ஆடறதுக்கு இலவசமுங்க, வாங்க" என்றார். முதல் பத்து நாள் முட்டி இரண்டும் வீங்கின. அப்புறம் எப்போது வலி போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் அவளுக்கு ஒரு ஜோடி கிடைத்திருந்தது. பக்கத்துத் தெரு மாரியாத்தாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், பேச்சும் ஹாரன் மாதிரியேதான்.

ஐம்பத்தேழு வயதில், ஆஸ்பத்திரிக்கு வராத, தன்னிடம் கஞ்சி கேட்காத நூறு பேர் நடுவில் ராமாமணி முதன்முதலாக நின்றாள். ரூபினா வரும்வரை ஒரு நாளும் தவறவில்லை. வருகிற ஞாயிறு அரங்கேற்றம். கடைசி வாரப் பழக்கத்துக்கு வராதவர்களுக்கு வட்டத்தில் இடமில்லை என்பது வாத்தியாரின் சட்டம்.

"வீட்டுக்கு ஒரம்பரை வந்திருக்காங்க, ரெண்டு வாரத்துல போயிருவாங்க" என்று வாத்தியாரிடம் சொல்லியிருந்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ரூபினா மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஆன்ட்டி, ஆபீஸ்ல இன்னும் ஒரு வாரம் நீட்டிச்சிட்டாங்க. உங்களுக்கு எவ்ளோ தொந்தரவு தர்றது? நாளைக்கு ஹோட்டலுக்கு மாறிடறேன், ரூம் போட்டாச்சு" என்று சொன்னவரைக்கும்.

"ஹோட்டலா! என்னங்க கண்ணு பேச்சு இது? ஒரு வாரம்தானுங்க, இங்கயே இருந்துட்டுப் போங்க."

"நிஜமாவா ஆன்ட்டி? சூப்பர்!" என்று ரூபினா அங்கேயே போனை எடுத்து ஹோட்டல் அறையை ரத்து செய்துவிட்டாள். "அந்த ஹோட்டல் எனக்கும் புடிக்கவேயில்ல."

இரண்டாவது தடவை அழைப்பதற்காக ராமாமணி வாயைத் திறந்து வைத்திருந்தாள். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை மாலை மாரியாத்தாள் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். ராமாமணி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். வேன் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பின்வீதியிலிருந்து ஸ்பீக்கர் பாட்டு வந்தது. வள்ளி தினைப்புனம் காக்கப் போகிற இடம். அங்கே இரண்டு அடி பின்னால் போய்த் திரும்ப வேண்டும். ராமாமணி தோசைக் கரண்டியோடு இரண்டு அடி பின்னால் போனாள், குளிர்சாதனப் பெட்டியில் இடித்துக்கொண்டாள்.

மேலே ரூபினா சொல்லிக்கொண்டிருந்தாள்: "அம்மா, இங்க பின்னாடி தெருவுல தினமும் கல்யாணம் போல. செம பாட்டு."

தோசையைச் சுட்டு ஹாட்பாக்சில் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விருந்தாளிக்கு ஆறின தோசை வைத்துவிட்டு ராமாமணி ஆடப் போனாள் என்கிற செய்தி பெரியநாயக்கன்பாளையம் வரை போய்ச் சேரும். யார் சொல்வார்கள் என்று தெரியாது, ஆனால் சேரும். நரசிம்மலுவை ஊற்றச் சொல்லலாமா? ஓய்வு பெற்ற பிறகு அவர் அடுக்களைக்குள் வந்தது, பிரிட்ஜ் ரிப்பேர்காரனுக்கு வழி காட்டுவதற்காக ஒரே ஒரு முறைதான்.

செவ்வாய்க்கிழமை மாரியாத்தாள் ஹாரன் அடிக்கவில்லை, நேராக உள்ளேயே வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. அதில் அரங்கேற்றத்துக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல் எடுத்த சேலை, மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை.

"இந்தாக்கா உன்ற சேலை. இதக் கட்டிக்கிட்டு அடுக்களைல தோசை சுடு, பொருத்தமா இருக்கும்."

"மெல்லப் பேசு மாரியாத்தா. மாடில அந்தப் புள்ள இருக்குது."

"இருக்கட்டும். வாத்தியார் என்ன சொன்னாருன்னு கேட்டுக்க. நாளைக்கு நீ வரலீன்னா என்ற பக்கத்துல அந்தக் காலேஜ் புள்ள பிரத்யுஷாவ நிறுத்தப்போறாராமா. அது துள்ற துள்ளுக்கு நான் சேந்து ஆடுனா, மத்தவங்களுக்கு அரங்கேற்றம் கோயில்ல, எனக்கு உன்ற வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரில. அப்ப நீதான் கஞ்சி கொண்டுட்டு வரோணும்."

"நான் என்னத்தச் செய்யட்டும் சொல்லு."

"'கண்ணு, ஏழு மணிக்கு எனக்கு ஒரு சோலி இருக்குது'ன்னு சொல்றதுக்கு என்னக்கா? ஒரு வரி."

ராமாமணி அந்த ஒரு வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எங்கே 'ங்க' போட்டாலும் அது 'நீ போ' என்பது போலவே கேட்டது. சேலையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் வழிவழியாகத் தெலுங்குதான் பேச்சு. அங்கங்கே தமிழ் கலந்த தெலுங்கு. ரூபினா வந்த பிறகு மரியாதைக்காகத் தமிழுக்கு மாறியிருந்தார்கள். அவள் காதில் விழக்கூடாதவற்றை மட்டும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். புதன்கிழமை காலை ரூபினா மேஜையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பொறுக்க மாட்டாமல் அவர்களுக்குள் அப்படி ஒரு பேச்சு நடந்தது.

"ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டே இருக்கறே. ஒடம்புக்கு என்ன?" என்றார் நரசிம்மலு தெலுங்கில்.

"இன்னிக்குப் போகலீன்னா எனக்கு வட்டத்துல எடமில்லையாமா. வேறென்ன?" ராமாமணி முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு ரூபினாவின் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். "மூணு மாசம் ஆடுனது போச்சு."

"இருங்கன்னு சொன்னது யாரு? நீதான?"

"சொல்றதுதான! ஊரு முழுக்கச் சொல்லுது! மூணு தடவ கூப்புடோணும், மூணு தடவ வேண்டாங்கோணும், அதுதான மொறை? ஒரு தடவதான் சொன்னேன், புள்ள ஹோட்டல் ரூமையே ரத்து பண்ணிப்போட்டுது."

"அவங்க மெட்ராஸ்காரங்க. சொன்னா இருந்துருவாங்க."

"மெல்லப் பேசுங்க. தங்கமான புள்ள. மொகம் சுண்டற மாதிரி ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன். என்ற கும்மி போனாப் போகுது." பிறகு தமிழில், "சட்னி போடட்டுங்களா கண்ணு?"

"போடுங்க ஆன்ட்டி" என்றாள் ரூபினா. அவள் தலை நிமிரவில்லை. அன்றைக்கு இட்லியை அவ்வளவு கவனமாகச் சாப்பிட்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்கெல்லாம் ரூபினா வந்துவிட்டாள். நேராக அடுக்களைக்குள் வந்தாள்.

"ஆன்ட்டி, ராத்திரிக்கு எனக்கு எதுவும் வேணாம். மத்தியானம் ஆபீஸ்ல பெரிய சாப்பாடு. வயிறு ஃபுல்லா இருக்கு."

ராமாமணி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங் கண்ணு, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?"

"ஐயோ, நல்லாத்தான் இருக்கேன்."

"காத்தாலயே பாத்தேன், கம்முன்னு இருந்தீங்க. மொகமே வாடியிருக்குதுங்க. இருங்க, சீரகத் தண்ணி வெக்கறேன். அரிசிக் கஞ்சி குடிச்சா வயித்துக்கு இதமா இருக்கும். ஒரு மொளகு ரசமும் வெச்சர்றேன். ஏனுங்க! அந்தப் பெரிய பிளாஸ்க்க எறக்கிக் குடுங்க!"

நரசிம்மலு நாற்காலி போட்டுப் பரணிலிருந்து பிளாஸ்க்கை இறக்கினார். இரண்டு அடுப்பும் எரிந்தன. ஒரு தோசையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கஞ்சி, ரசம், சீரகத் தண்ணீர் என்று மூன்றாகிவிட்டது. ஊர் வழக்கப்படி சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்த ரூபினா, அந்தப் பிளாஸ்க்கை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

பிறகு சொன்னாள்: "ஆன்ட்டி, நாக்கு தெலுகு ஒச்சு."

ராமாமணியின் கை அப்படியே நின்றது. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

"தெலுங்கு எனக்கு வரும் ஆன்ட்டி. ஹைதராபாத்ல நாலு வருஷம் இருந்தேன். நீங்க பேசற தெலுங்குல பாதி புரியல. ஆனா காலைல பேசின பாதி நல்லாப் புரிஞ்சுது."

"எது வரைக்குமுங்க?" என்றாள் ராமாமணி மெதுவாக.

"'மெட்ராஸ்காரங்க சொன்னா இருந்துருவாங்க' வரைக்கும்."

கூடத்தில் நரசிம்மலு டி.வி.யின் ஒலியைக் கூட்டினார்.

ராமாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு. உங்களப் போகச் சொல்லோணும்னு இல்லீங்க..."

"தெரியும் ஆன்ட்டி. தங்கமான புள்ளன்னும் சொன்னீங்க, அதுவும் புரிஞ்சுது." ரூபினா அடுப்பை அணைத்தாள். ராமாமணியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். "தினமும் பின்தெருவுல கல்யாணம்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டிருக்கேன். அது உங்க கும்மியா? கிளம்புங்க. தோசை நான் ஊத்தறேன், அங்கிளுக்கும் சேத்து."

"ஐயோ, அதெப்படீங்க? ஒரம்பரைய அடுக்களைல நிறுத்திட்டு..."

"ஒண்ணு" என்றாள் ரூபினா. "போயிட்டு வாங்க ஆன்ட்டி."

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்? எது எங்க இருக்குதுன்னு தெரியாது..."

"ரெண்டு. நான் தேடிக்கறேன், போங்க."

"பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க..."

"மூணு. முறைப்படி மூணு தடவை மறுத்தாச்சு. இதுக்கு மேல மறுத்தா அதுதான் மரியாதை இல்ல."

ராமாமணி அவளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பு எந்தக் காலுக்கு எது என்று பார்க்காமலே மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மைதானத்தில் அவள் இடத்தில் பிரத்யுஷாவை நிறுத்தி வட்டம் கட்டி, ஒரு பாட்டு ஆடியும் முடித்திருந்தார்கள். வாத்தியார் மைக்கிலேயே கேட்டார், "என்னங்க அம்மணி, ஒரம்பரைய அனுப்பிச்சாச்சுங்களா?"

"இல்லீங்க. அவங்கதான் என்னை அனுப்பிச்சாங்க."

நூறு பேரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "ரெண்டு வாரத்துக்கு மேல வரலீங்க நீங்க. வள்ளி ஆலோலம் பாடற எடம், ஒரு சுத்து தனியா ஆடிக் காட்டுங்க. கால் மறந்திருந்தா அடுத்த தடவ பாத்துக்கலாம்."

பாட்டு ஆரம்பித்தது. ராமாமணி கண்ணை மூடிக்கொண்டாள். கிரைண்டர் பக்கத்தில் ஆடினதும், தோசைக் கரண்டியோடு பின்னால் போனதும் காலுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு அடி பின்னே, திரும்பு, தட்டு. இடிப்பதற்கு இங்கே பிரிட்ஜ் இல்லை. ஒரு சுற்று முடிந்து கண்ணைத் திறந்தபோது மாரியாத்தாள் விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள்.

"போய் நில்லுங்க" என்றார் வாத்தியார்.

எல்லோரையும்விட பிரத்யுஷாதான் நிம்மதியாக நகர்ந்துகொண்டாள். "வாங்க ஆன்ட்டி, சீக்கிரம் வாங்க. மாரியாத்தாள் ஆன்ட்டி என் கால இதுவரைக்கும் நாலு வாட்டி மிதிச்சுட்டாங்க."

"நீ ஏன் கண்ணு அத என்ற காலுக்குக் கீழ வெக்கறே?" என்றாள் மாரியாத்தாள்.

வீட்டில் வேறொரு அரங்கேற்றம் நடந்துகொண்டிருந்தது. தோசை ஊற்றுகிறேன் என்று சொன்ன ரூபினாவுக்கு எண்ணெய் எங்கே, தோசைத் திருப்பி எங்கே என்று தெரியவில்லை. நரசிம்மலுவைக் கூப்பிட்டாள். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்ததில், தான் முப்பது வருடமாகச் சாப்பிட்டுவரும் இட்லிப் பொடி எங்கிருந்து வருகிறது என்பதை அவர் கண்டுபிடித்தார். முதல் தோசை எந்த மாநிலத்தின் வரைபடம் என்று சொல்ல முடியவில்லை. "கல்லு சூடு பத்தலீங்க" என்று பம்பு கம்பெனிக்காரர் தோரணையில் கரண்டியை வாங்கினார் நரசிம்மலு. நாலாவது தோசை வட்டமாக வந்தது. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். புனேயிலிருந்து மகன் சசிதர் உடனே எழுதினான்: "அப்பா, இது ஏ.ஐ. படமா?"

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ராமாமணி திரும்பி வரும்போது மேஜையில் அவளுக்கு இரண்டு தோசை மூடி வைக்கப்பட்டிருந்தது. ஆறித்தான் இருந்தது. வாழ்நாளில் வேறு யாரோ சுட்டு வைத்த தோசை இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே ரூபினாவுக்கு அவள் பாடம் நடத்தினாள். யார் அழைத்தால் எத்தனை தடவை மறுக்க வேண்டும், எந்த இடத்தில் ஆடு மாட்டை இழுக்க வேண்டும், தேர் நோம்பியை எதற்குக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம்.

ஞாயிறு மாலை கோயில் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மாம்பழ மஞ்சள் சேலைகள் வட்டமாகச் சுழன்றன, குனிந்தன, நிமிர்ந்தன, ஒரே நேரத்தில் தட்டின. முதல் வட்டத்தில் ராமாமணி வியர்வையைத் துடைக்கவும் நிற்காமல் ஆடினாள். கிழவன் வேடத்தில் வந்த முருகனை வள்ளி விரட்டுகிற இடத்தில் வேகம் கூடியது. மாரியாத்தாள் ஒரு அடி தவறவிட்டாள். ராமாமணி அவள் இடுப்பில் முழங்கையால் ஒரு இடி கொடுத்து மறுபடி பாட்டில் சேர்த்துவிட்டாள். இருவரும் சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். கூட்டத்தில் ரூபினா போனை உயரப் பிடித்திருந்தாள். "அம்மா, கேக்குதா? நான் சொன்னேன்ல, கல்யாணம்னு. கல்யாணம் இல்ல, எங்க ஆன்ட்டி!" பக்கத்தில் நின்ற நரசிம்மலு கைதட்டவில்லை. இரண்டு கையிலும் ராமாமணியின் செருப்பையும் கைப்பையையும் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மதியம் ரூபினா பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"அதுக்குள்ள என்னங்க கண்ணு? இன்னும் ரெண்டு நா இருந்துட்டுப் போங்க" என்றாள் ராமாமணி.

"இல்லீங்க ஆன்ட்டி. ஆடு மாடு கெடக்குது."

"ராயப்பேட்டைலயா?" என்றார் நரசிம்மலு.

"அதெல்லாம் கேக்கக்கூடாதுங்க அங்கிள்." ரூபினா மீதி இரண்டு மறுப்பையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். தேர் நோம்பிக்கு வருவதாகவும் சொன்னாள். ஆட்டோ திரும்பும்வரை ராமாமணி கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். பிறகு மாடிக்குப் போய் மெத்தை உறையைக் கழற்றிக்கொண்டு வந்து வாஷிங் மெஷினில் போட்டாள்.

மாலையில் வீடு பழையபடி ஆயிற்று. நரசிம்மலு சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் இன்னும் அந்தப் பெரிய பிளாஸ்க் இருந்தது, யாரும் பரணில் ஏற்றவில்லை. ஏழு மணி ஆவதற்கு முன் வாசலில் வேன் ஹாரன் கேட்டது, ஒரு முறை, பிறகு நீளமாக இன்னொரு முறை.

ராமாமணி கொசுவத்தைச் செருகிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"அரங்கேற்றந்தான் முடிஞ்சுபோச்சே?" என்றார் நரசிம்மலு. "ஒரம்பரையும் போயாச்சு. இனி எங்க?"

"அடுத்த வாரம் காங்கேயத்துல ஆடக் கூப்புட்டிருக்காங்கங்க. மொத வட்டம் மொத்தமும் போகுது." அவள் செருப்பைத் தேடினாள். "மாவு பிரிட்ஜுல கீழ்த்தட்டுல இருக்குது. சட்னி அரச்சாச்சு. நீங்க சாப்புட்டுட்டு எனக்கும் ரெண்டு ஊத்தி மூடி வெச்சுருவீங்களா?"

நரசிம்மலு ரிமோட்டைப் பார்த்தார். அடுக்களையைப் பார்த்தார். முதல் மறுப்பைச் சொல்ல வாயைத் திறந்தார்.

வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. ராமாமணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்தைத் தாண்டி, கதவைச் சாத்தாமல் போய்விட்டாள்.